கைமணியும் அண்டாவும்

செவந்தி வாயைத் திறந்தால் கீரனூரில் பஸ் நிற்கும் இடம்வரை கேட்கும். அவள் புருஷன் தங்கமுத்துவுக்கு மட்டும் கேட்காது. ராஜா ஆட்சி முடிந்து சமஸ்தானம் கலைந்த வருஷம் அரிசி மில்லில் ஆயில் இன்ஜின் ஓட்டச் சேர்ந்தவன். பத்து வருஷமாக அந்த இன்ஜினுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறான். காது மந்தம் என்று ஊர் சொல்லிவிட்டது. செவந்தி அதை நம்பத் தயாராக இல்லை. அவளிடம் சாட்சி இருந்தது.

போன மாசம் வல்லத்திராக்கோட்டையிலிருந்து அவள் அண்ணன் மலையாண்டி வந்திருந்தான். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல அவனுக்கு ஒரு கட்டைக் குரல். தங்கமுத்து முதுகைக் காட்டி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, "மாப்பிள்ள, கடலை போட இந்த மழை பத்துமா?" என்று மெதுவாகத்தான் கேட்டான். தங்கமுத்து திரும்பாமலே, "இன்னொரு மழை வேணும் மச்சான்" என்றான். அடுப்படியில் நின்ற செவந்திக்கு வயிறு எரிந்தது. அண்ணன் முனகினால் கேட்கிறது. பெண்டாட்டி தொண்டை கிழியக் கத்தினால் கேட்கவில்லை. இப்படியும் ஒரு செவிடு உண்டா?

பக்கத்து வீட்டு மூக்காயிக்கு யோசனை சொல்வதென்றால் கொள்ளை ஆசை. "இன்னுஞ் சத்தமாச் சொல்லு செவந்தி" என்றாள். செவந்தியும் சொன்னாள். பிறவியிலேயே அவளுக்குக் கீச்சுக் குரல். கத்தக் கத்த அது இன்னும் மெலிந்து மேலே ஏறியது. கூரையில் இருந்த காக்கை பறந்தது. தங்கமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். மூன்று வருஷமாக இதே கதை. மகளையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, அந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு அவன் ஒருவன்தான். அவனுக்கும் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள், பாவம்.

ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதென்று துணிமணிகளை மூட்டை கட்டி வாசற்படி ஓரமாக வைத்தாள். கடுமையான ஜலதோஷம் வேறு. தொண்டை கட்டி, குரல் கரகரவென்று அடியில் கிடந்தது. மத்தியானம் தங்கமுத்து வந்து வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். கோபித்துக்கொண்டு போகிறவளானாலும் சோறு வைக்காமல் போகிற ரகம் இல்லை அவள். தட்டை வைத்துவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, கேட்காது என்ற நினைப்பிலேயே சொன்னாள்: "ரசம் உறியில இருக்கு. சுட வச்சுக்கங்க."

"ஏன், நீ எங்க போறே?" என்றான் தங்கமுத்து, திரும்பாமலே.

செவந்தி சொன்னது அவனுக்குக் கேட்டுவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் சோதனை போட்டாள். சாமி மாடத்திலிருந்த கைமணியை எடுத்து அவன் பிடரிக்குப் பின்னால் வைத்துக் கணகணவென்று ஆட்டினாள். "இந்நேரத்துல என்ன பூசை?" என்று மூக்காயி பக்கத்து வீட்டிலிருந்து கேட்டாள். தங்கமுத்து அசையவில்லை. மணியை வைத்துவிட்டு, காலி அண்டாவின் வயிற்றில் விரல் முட்டியால் மெல்ல ஒரு தட்டு தட்டினாள். தொம் என்றது.

தங்கமுத்து திரும்பினான். "அண்டாவ எதுக்குப் புள்ள தட்டுறே?"

பெரிய சத்தம் கேட்கவில்லை. சின்னச் சத்தம் கேட்டுவிட்டது. இத்தனை நாளும் அவள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். இறக்க வேண்டியிருந்தது சுருதியை. கத்தக் கத்த அவள் குரல் அவன் காதுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிப் போயிருக்கிறது.

அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நான் பேசுறது இப்பக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதே. இன்ஜின் அடிக்கிறதுல ஒண்ணு தப்புனாக்கூட எனக்குத் தெரியும். பெல்ட்டு கீச்சுங்குறதத்தான் அடுத்தவன் வந்து சொல்ல வேண்டியிருக்கு."

"பின்ன, நான் கத்துனா ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனீங்க?"

தங்கமுத்து தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீ வாயத் தொறக்குறது தெரியும். ஒரு சொல்லும் வெளங்காது. மூஞ்சி செவந்து கெடக்கும். என்னைய வையிறேன்னு நெனச்சேன். எதுத்துக் கேட்டா இன்னும் வைவியேன்னு போயிருவேன். மில்லுலேருந்து வாரப்பல்லாம் வாசல்ல நின்னு ஒண்ணச் சொல்லிக் கத்துவியே, அதான் மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். அப்படி என்னதான் வஞ்சே?"

செவந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் அடியிலேயே நின்றது.

"சோறு ஆறுது, வாங்கன்னேன்."

தங்கமுத்து எழுந்து போய் வாசற்படி ஓரமிருந்த மூட்டையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தான். மறுபடி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். அன்றைக்கும் சோறு ஆறித்தான் போயிருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.