இரண்டு வீட்டுக் கரண்ட்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். என் மகள் ஜெனிட்டாவின் முதல் நன்மை நாளன்று வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஸ்பீக்கர்தான் என்னை விடவில்லை.

காலையில் மாதா கோயில் பூசையில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கினாள். அது முடிந்து, எல்கடுவையில் எங்கள் லயத்துக் காம்பரா வீட்டில் விருந்து. என் வீட்டுக்காரர் ரஜீவ் கட்டாரில் வேலை செய்கிறார். போனதிலிருந்து மகளின் எந்த விசேஷத்துக்கும் வர முடியவில்லை. போனில் பேசினாலும் பாதி இரைச்சல்தான் கேட்கும். பகல் சாப்பாட்டு இடைவேளையில் வீடியோவில் வருவதாகச் சொல்லியிருந்தார். "இந்தத் தடவை செட்டுல போடு ஷியாமளா. புள்ளைக்கு ஒரு பாட்டுப் பாடணும், அவ நல்லாக் கேக்கணும்" என்று கெஞ்சியிருந்தார். வெள்ளைக் கவுன் போட்டிருந்த ஜெனிட்டா ஒரு வாய் சோறு தொடவில்லை. அப்பா வரட்டும் என்று திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

மாத்தளையில் போன் கடையில் வேலை செய்யும் என் தம்பி சசிக்குமார்தான் லெப்டொப் கொண்டுவந்தான். அதை எங்கள் ஸ்டீரியோ செட்டில் மாட்டினான். மாட்டியதும் ஸ்பீக்கர் இரண்டும் குளவிக் கூடு கலைந்ததுபோல் இரைய ஆரம்பித்தன. பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் மார்கிரட் அக்கா இருக்கிறார். அவருடைய கோழிகள் என் மல்லிப் பாத்தியைக் கிளறியதில் நான் பேசக் கூடாததைப் பேசிவிட்டேன், அவரும் குறை வைக்கவில்லை. தைப் பொங்கலிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. அவரிடம் ஒரு உப்புக்கல்கூடக் கேட்பதில்லை என்று இருந்தவள் நான். ஆனால் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் விசேஷம் என்றால் பக்கத்து வீடு கரண்ட் கொடுக்கும். எல்லாவற்றையும் ஒரே வீட்டில் போட்டால் மெயின் சுவிட்ச் விழுந்து கரண்ட் போய்விடும். அன்று விடிந்ததும் சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளியால் ஒரு செம்மஞ்சள் வயர் எங்கள் பக்கம் இறங்கியது. மார்கிரட் அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் செட்டை அதில் மாட்டினேன். அப்படி வந்த வயரை நடுவில் கழற்றுவது, சாப்பிட உட்கார்ந்தவர் முன்னாலிருந்து தட்டை எடுப்பதற்குச் சமம்.

சசி லெப்டொப்பையும் செட்டையும் இணைக்கும் பாட்டு வயரை மாற்றினான். ஸ்பீக்கரைத் தள்ளி வைத்தான். லைட்டை அணைத்தான். இரைச்சல் அசையவில்லை.

"எர்த் வயரைக் கழட்டிப் பார்க்கவா அக்கா?"

"அதுல கைய வைக்காத தம்பி. புள்ளைங்க வெறுங்கால்ல ஓடுதுங்க, கரண்ட் அடிச்சிரும்" என்றது வாசலில் ஒரு குரல். மார்கிரட் அக்கா. என்னைப் பார்க்காமல் அவனிடம்தான் சொன்னார். சொன்னது சரி. சசி கையை எடுத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து, இதோ வருகிறேன் என்று ரஜீவ் செய்தி அனுப்பினார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "நீயும் உன் கம்ப்யூட்டரும்" என்று லெப்டொப் பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன்.

இரைச்சல் நின்றது. சசி வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தான். அடுத்த நிமிடம் திரையும் அணைந்தது, பேட்டரி செத்த லெப்டொப் அது. திரும்பப் பிளக்கைப் போட்டான், திரும்பவும் இரைந்தது. செட்டின் கரண்ட் வயரும் லெப்டொப்பின் கரண்ட் வயரும் எங்கே போகின்றன என்று கண்ணாலேயே பின்தொடர்ந்து பார்த்தான்.

"அக்கா, செட்டுக்கு அவங்க வீட்டுக் கரண்ட். லெப்டொப்புக்கு நம்ம வீட்டுக் கரண்ட். ரெண்டு வீட்டு எர்த்தும் வேற வேற. நடுவுல இந்தப் பாட்டு வயர் ரெண்டையும் சேத்து வச்சிருக்கு, அதுலதான் இரையுது. ரெண்டையும் ஒரே வீட்டுல போட்டா நின்னுரும். செட்ட நம்ம பக்கம் மாத்திர்றேன்."

அவன் கை செம்மஞ்சள் வயருக்குப் போனது. மார்கிரட் அக்கா தன் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்துவிட்டேன்.

"கைய எடுடா" என்றேன். பிறகு, நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தாலும் கேட்டேன். "அக்கா, உங்க வயர்ல லெப்டொப்பையும் போடலாமா?"

"இது என்னடி கேள்வி" என்றார். அதற்குமேல் நிற்காமல் வீட்டுக்கு ஓடி, பல பிளக் போடும் கட்டை ஒன்றோடு மூச்சு வாங்க வந்தார். சசி இரண்டையும் அதில் சேர்த்து மாட்டினான்.

சத்தமே இல்லை. அடுப்பில் பாயாசம் கொதிப்பது கேட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கும் தட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டினேன்.

ரஜீவ் வந்தார். "கேக்குதா?" என்ற குரல் காம்பரா முழுக்க நின்றது. கதவோரம் ஒதுங்கிய மார்கிரட் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்தினேன். ரஜீவ் பேச்சை நிறுத்திவிட்டார்.

"என்னங்க, எங்க சத்தம் கேக்கலையா?"

"கேக்குது. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறீங்க. வேற வீட்டுக்கு கோல் எடுத்துட்டேனோன்னு பார்த்தேன்."

எல்லாரும் சிரித்தோம், மார்கிரட் அக்கா என் தோளில் ஒரு அடி போட்டார். ரஜீவ் பாட ஆரம்பித்தார். ஜெனிட்டா தொட்டிலில் கிடந்தபோது அவரே கட்டிய, தலையும் காலும் இல்லாத பாட்டு அது. சுருதியும் கிடையாது. இரண்டாவது அடியில் நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் இரண்டு ஸ்பீக்கரிலும் வந்தது.

"அப்பா, அழுறீங்களா?"

"இல்லம்மா. இங்க ஏசி குளிரு கூடிப்போச்சு. சளி பிடிச்சிருக்கு."

"பொய். எல்லாம் நல்லாக் கேக்குது" என்ற ஜெனிட்டா, ஸ்பீக்கரில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "அழுதுட்டே பாடுங்கப்பா. நான் கேக்குறேன்."