பத்தரை மணிக் காப்பி

வீட்ஸ்கேவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழாயிலிருந்து பாட்டிலுக்குள் நீலமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு வருஷமாக அந்தக் குழாயில் தெளிந்த தண்ணீரைத் தவிர அவள் வேறெதையும் கண்டதில்லை.

பிசின் கரைசலில் கரித்தூளைக் கலந்து, கண்ணாடிப் பலகையில் மெல்லிசாக இழுத்து, தண்ணீரில் அமிழ்த்தி அவள் செய்த சவ்வு அது. மேலே கண்ணுக்கே தெரியாத துளைகள், கீழே போகப்போகப் பெரிய துளைகள். சாயப்பட்டறைக் கழிவை ஊற்றினால் சாயம் மேலேயே நின்றுவிடும், தண்ணீர் மட்டும் இறங்கும். இதைச் சொல்லித்தான் முனைவர் பட்டப் புத்தகம் எழுதினாள். அச்சாகியும் வந்துவிட்டது. பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

என்ஸ்கெடே ஆய்வுக்கூடத்தில் பம்பு காத்திருக்கும், காப்பி காத்திருக்காது. தினமும் ஒன்பதுக்குப் புதுச் சவ்வை மாட்டி, கழிவை அதற்குள் தள்ளும் பம்பை ஓட்டுவாள், பத்தரைக்கு நிறுத்திவிட்டுக் காப்பிக்குப் போவாள். இன்று எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் யோரிட்டுக்குப் பிறந்தநாள். அவரே கேக் வாங்கி வந்து கூப்பிட்ட அவசரத்தில் பம்பை நிறுத்த மறந்துபோனாள். பேச்சு பன்னிரண்டு வரை இழுத்துவிட்டது.

சவ்வு மாட்டிய கலத்தின் மூடியைத் திறந்தாள். சவ்வு வடிகட்டியிருந்தால் மேலே தேங்கிய சாயம் கெட்டிப்பட்டிருக்க வேண்டும். காலையில் ஊற்றிய அதே நீலம்தான் இருந்தது.

"உன் பங்கையும் வாத்தியார் முழுங்கிடப் போறாரு, வாம்மா," என்றபடி யோரிட் தட்டோடு வந்தார்.

"இது வடிகட்டவே இல்ல, யோரிட். கரி சாயத்தைக் குடிச்சிருக்கு. வயிறு ரொம்பினதும் விட்டுடுச்சு."

"இதுவரைக்கும் எவ்வளவு நேரம் ஓட்டின?"

"காப்பி வரைக்கும்."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

யோரிட் தட்டைக் கீழே வைத்தார். நீலப் பாட்டிலைப் பார்த்தார். "நான் ஒண்ணும் பாக்கலம்மா," என்றார் மெதுவாக. "கழிவுத் தொட்டி பக்கத்துலதான் இருக்கு."

நல்ல மனிதர் அப்படிச் சொன்னதுதான் அவளை இன்னும் உலுக்கியது. ஒரு கணம் கை தொட்டிப்பக்கம் போகவும் செய்தது.

"நேத்து வரைக்கும் இது தப்பு, யோரிட். இப்பக் கொட்டினா பொய்."

காப்பி அறையில் வழிகாட்டிப் பேராசிரியர் ஹில்பர்ட் அவளுடைய புத்தகத்தைத்தான் யாருக்கோ புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். வீட்ஸ்கே நீலப் பாட்டிலை விரித்த பக்கத்தின்மேல் வைத்தாள்.

"தேர்வை நிறுத்துங்க, ஹில்பர்ட். என் சவ்வு எதையும் பிரிக்கல."