அடிக்கல் அம்மன்

கட்டையில் போகிறவர்கள்! பாலம் கேட்டோம், கல்லைக் கொடுத்தார்கள்.

அரியலூர் தனி மாவட்டமான வருசம், கீழப்பழுவூருக்கு இந்தப் பக்கம் எங்கள் ஓடைக்கரையில் பாலத்துக்கு அடிக்கல் நட்டார்கள். மழை வந்தால் ஓடையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போக வழி கிடையாது. மைக்செட் என்ன, மாலை என்ன, ஆளுக்கொரு லட்டு என்ன! மறு வருசமே மாவட்டத்தைக் கலைத்துப் பழையபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். இந்த ஆபீஸில் கேட்டால் அந்த ஆபீஸைக் கை காட்டினார்கள், அங்கே போனால் இங்கே. கல் மட்டும் நின்றது.

2005 வெள்ளத்தில் என் மூத்தவள் மலர்க்கொடிக்கு வலி எடுத்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். ஓடை கரைபுரண்டு போனது. தண்ணீர் வடியட்டும் என்று அந்தக் கல்லில்தான் சாய்த்து வைத்தோம். வடிவதற்குள் வயிற்றுப்பிள்ளையோடு போய்விட்டாள். பெற்ற வயிறு இன்னும் எரிகிறது.

பிள்ளையைச் சுமந்தபடி செத்தவளுக்கு, வழிப்போக்கர் சுமை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் நடுவது வழக்கம். எங்களுக்குத்தான் கல் ஏற்கெனவே நட்டிருந்ததே! அதற்கே மஞ்சள் பூசிச் சேலை கட்டினோம். முதல் பொட்டு நான்தான் வைத்தேன். கொஞ்ச நாளில் ஊரே கும்பிட ஆரம்பித்தது. தகரக் கொட்டகை போட்டு வேலும் நட்டுவிட்டார்கள்.

இந்தக் கார்த்திகையில் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம். சின்னவள் அனிதா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். முன்கூட்டியே டவுனில் தங்க வைக்க எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அப்போதுதான் ஜீப்பில் ஒரு இன்ஜினியர் பாலத்துக்கு இடம் பார்க்க வந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கொட்டகையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இங்க கோயில் இருக்கேம்மா. இதை இடிச்சா ஊரு சும்மா இருக்குமா? வேற இடம் அளந்து, புதுசா எழுதி அனுப்பணும்."

"எப்ப சார் வரும்?"

"அது மேல இருக்கறவங்க கையில."

"ஐயோ சார், இது கோயில் இல்ல! நீங்க நட்ட கல்லு சார், நல்லா பாருங்க!"

சேலையை உருவி, முந்தானையால் மஞ்சளைத் தேய்த்தேன். 'பாலப் பணி' என்ற எழுத்து தெரிந்தது. என் வீட்டுக்காரர் சிங்காரவேலு ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார்.

"அடி வைரக்கண்ணு, பைத்தியமா புடிச்சிருக்கு? சாமி குத்தமாயிடும்டி! அது நம்ம மலருடி!"

ஜீப் கிளம்பிவிட்டது.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அனிதா வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக வந்தாள். நான் உருவிப் போட்ட சேலையை எடுத்துக் கல்லுக்குச் சுற்றினாள், சூடம் ஏற்றினாள்.

"அக்கா, என்னைய மட்டும் விட்டுடுக்கா" என்று கும்பிட்டாள்.

ஓடையில் புதுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.