யார் வீட்டு அடுப்பு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒருத்தி கணினி விளையாட்டு செய்கிறாள். ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே திரைக்குள் கட்டிவைத்திருக்கிறாள். ஆடுகிறவர்தான் நிதியமைச்சர். அவர் வரியை ஏற்றலாம், வட்டியைக் குறைக்கலாம், ஆலைகளை மூடலாம். அதற்கேற்ப நாற்பதாயிரம் பொம்மை மனிதர்கள் வேலைக்குப் போவார்கள், வாங்குவார்கள், பட்டினி கிடப்பார்கள். நானோ நாலு பேரை ஒரு கதைக்குள் உட்கார வைப்பதற்குள் நாக்குத் தள்ளிப்போகிறவன்.

முதல் வரியாக எழுதிப் பார்த்தது: 'ஒரு நாட்டை ஆள்வதென்பது'

வேண்டாம். மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது.

2

மாடியறை, இரண்டு மேசை, கிறீச்சிடும் மின்விசிறி. ஒரு மேசையில் அவள். இன்னொன்றில் அவளை நம்பி வேலையை விட்டு வந்த தம்பி. [இவனை வில்லனாக்கத்தான் நினைத்தேன். பிடி கொடுக்க மாட்டேன் என்கிறான்.] நாளைக் காலை ஒரு நிறுவனத்தார் விளையாட்டைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் வாங்காவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

தம்பி சோதனைக்காக நாட்டைக் குட்டிச்சுவராக்கிக்கொண்டிருந்தான். ஆலைகளை மூடினான், மாவு விலையை மும்மடங்காக்கினான். ஆட்சி கவிழ வேண்டும். கவிழவில்லை.

“அக்கா, இங்க வா. இந்தத் தெருவுல யாருக்கும் வேலையில்ல, கையில காசில்ல. ஆனா பசி ஏறவே மாட்டேங்குது.”

அவள் தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரே ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தது. தெருவே அங்கே போய்க்கொண்டிருந்தது. ஆட்டத்தின் மறுநாளில் வேறு வீடு. அதற்கடுத்த நாள் இன்னொன்று.

பசித்தவர் எரிகிற அடுப்பைத் தேடிப் போக வேண்டும் என்பது அவள் எழுதிய விதி. யாருடைய அடுப்பு என்று எழுத மறந்துவிட்டாள்.*

“இதை நீ எழுதினியா?”

“நான் எழுதலடா. எனக்கு இதெல்லாம் தோணவே தோணியிருக்காது.”

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. திரையைத் தொடக்கூடத் தயங்கினாள். எழுதும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

* மறதியில் இவ்வளவு பெரிய காரியம் நடக்குமா என்று நானும் சந்தேகப்பட்டேன். எனக்கு மறதியில் அடுப்பில் பால்தான் பொங்கி வழிந்திருக்கிறது.

3

“ஒரு வரி சேர்த்தா சரியாயிடும்க்கா. அவங்கவங்க அடுப்பு மட்டும்னு போட்டுடு. எப்படி ஆண்டாலும் ஜனம் பிழைச்சுக்கும்னா ஆடுறவனுக்கு என்ன பயம்? இதுல ஆட்டமே இல்லையே.”

அவன் சொல்வது நியாயம்தான்.

“அப்போ அந்தத் தெரு?”

“போயிடும். பொம்மைங்கதானே.”

“தெரியும்டா.”

அந்த வரியை எழுதிவிட்டாள். விசையைத் தட்டுவதுதான் பாக்கி.

4

முடிவு ஒன்று: தட்டுகிறாள். தெருவில் முதலில் கடைசி வீடு, பிறகு அதற்கு எதிர்வீடு, பிறகு

[எனக்கு மனம் வரவில்லை.]

முடிவு இரண்டு: தட்டவில்லை. வந்தவர்கள் அந்தத் தெருவைப் பார்த்துக் கண்கலங்கி, கேட்ட விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். [இது காதில் பூச்சுற்றுகிற வேலை.]

5

முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். மின்விசிறிக்குக் கிறீச்சென்ற சத்தம் வரைக்கும் கொடுத்திருக்கிறேன். காலையிலிருந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க மறந்திருக்கிறேன்.

அதைச் சேர்க்க இடம் தேடுவதற்குள் தம்பி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். பாதியை மூடியில் வைத்து அவள் மேசைக்குத் தள்ளினான்.

“முதல்ல சாப்பிடுக்கா. அழிக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம்.”

சத்தியமாக இதை நான் யோசித்து வைக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். தெருவில் இன்றைய அடுப்பு இன்னும் எரியவில்லை. விசையை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன். தட்டுவதும் விடுவதும் உங்கள் பாடு.

எனக்குப் பசிக்கிறது. இந்தக் கதையால் இன்று சமைக்கவில்லை. எதிர்வீட்டில் ஏதோ வதங்கும் வாசனை வருகிறது. இத்தனை வருடத்தில் நான் அந்தக் கதவைத் தட்டியதே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டேன்.