கதவில் இருந்த மாரின்

எங்கள் ஊர் புகைப்படச் சங்கத்தில் ஆட்கள் சொற்பம், கட்சி மட்டும் இரண்டு. எடுத்ததை எடுத்தபடி மாட்ட வேண்டும் என்பது என் கட்சி. எடுத்த பிறகுதான் வேலையே ஆரம்பம் என்பது பல் டாக்டர் ராங்கெலின் கட்சி. மற்றவர்கள், அன்றைக்கு யார் சாராயம் வாங்கித் தருகிறாரோ அவர் கட்சி.

ராங்கெல் கெட்டவன் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவனுக்குக் கை அடங்காது, அவ்வளவுதான். மின்கம்பியை அழிப்பான், குப்பைத்தொட்டியை அழிப்பான். ஒருமுறை மேயரின் தொப்பையைக் குறைத்துவிட்டான். படத்தைப் பார்த்த மேயரின் மனைவி, இது யார் என்று கேட்டாள்.

"இதுக்குப் பேரு ஏமாத்து வேலை" என்று நான் அவனிடம் சொல்லாத வாரம் கிடையாது.

"ஏன்க்கா, போன மாசம் உங்க முன்பல்லுக்கு கேப் போட்டேனே, அது ஏமாத்து வேலையா?"

"அது கடிக்கறதுக்கு."

"இது பாக்கறதுக்கு."

இப்படி வாயடைக்க வைப்பான். எனக்கு எரிச்சலாக வரும்.

மே மாதம், ஆண்டுக் கண்காட்சிப் போட்டிக்காக நெவேனா அக்கா வீட்டு நீலக் கதவை எடுக்கப் போனான். வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளை அட்டை பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அந்தக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சாவு விழுந்த வீட்டுக் கதவில் எல்லாம் எங்களுக்கு அப்படித்தான்: கறுப்புக் கட்டம், நடுவில் இறந்தவர் படம், கீழே நாலு வரி. இது அவள் கணவர் மாரின், பஸ் டிரைவராக இருந்தவர். தாளை அவ்வப்போது புதிதாக மாற்றுவாள். அந்த வசந்தத்து மழையில் மை ஓடி, மாரினின் ஒரு கன்னம் முழுக்கக் கறையாகிவிட்டிருந்தது.

நெவேனா அக்கா விசேஷத்துக்கு உடுத்தும் பச்சை உடுப்பில் வந்தாள். நாற்காலியை இழுத்துக் கதவின் ஓரமாக, தாளை ஒட்டினாற்போல் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, நடுவுல உக்காருங்க" என்றான் ராங்கெல்.

"நடுவுல உக்காந்தா அவரை மறைச்சுடுவேனே."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. கேமராவுக்குள் தலையை விட்டுவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குத் தெரியாது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எங்க கல்யாணப் படத்துல அவரோட தம்பி கையை ஆட்டி என் மூஞ்சிய மறைச்சுட்டான் டோன்கா. அப்புறம் எடுத்ததெல்லாம் அவர் என்னை எடுத்தது, இல்லாட்டி நான் அவரை எடுத்தது. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கற படம் ஒண்ணு கூட இல்ல. இன்னிக்குத்தான் சேந்து எடுத்துக்கறோம்."

சொல்லிவிட்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். நான் தாளின் மேலும் வெளிச்சம் விழும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தேன்.

கண்காட்சி அன்று ராங்கெல் படத்தைத் துணி போர்த்தி ஊர் மன்றத்துக்கு எடுத்து வந்தான். தலைநகரிலிருந்து வந்த நடுவர் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டித் துணியை விலக்கினான். நீலக் கதவு, மாசு மருவில்லாமல். நெவேனா அக்கா நட்டநடுவில், நாற்காலியோடு. தாளைக் காணோம்.

நெவேனா அக்காவும் அப்போதுதான் வாசலில் நுழைந்துகொண்டிருந்தாள், உதட்டில் சாயம் பூசி, எதிர்வீட்டு ஸ்டான்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. படத்தின் முன்னால் வந்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"மாரின் எங்க?"

"எந்த மாரின், அத்தை?"

"என் வீட்டுக்காரர். இங்கதானே இருந்தார், என் பக்கத்துல."

ராங்கெலின் முகம் வெளுத்தது. "அந்தப் பேப்பரா? கறையா இருந்துச்சு அத்தை. கண்ணை உறுத்துச்சு, அதான்..."

"கறைதான், மழை பண்ணுச்சு. நாற்காலியையும் நகத்தியிருக்க. உக்காந்த இடத்துல நானும் இல்ல, அவரும் இல்ல. அப்ப இது யாரு?"

நான் சும்மா இருந்திருக்கலாம். என் நாக்குக்கு அது தெரியாது. "இதுக்குத்தான் தலபாடா அடிச்சுக்கறேன்! எடுத்ததை எடுத்தபடி வைக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ வாயை மூடுடி. உங்க சண்டைக்கு என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா?"

நடுவர் காப்பி முடித்து வருவதற்குள் ராங்கெல் தானே படத்தைக் கழற்றிச் சுவர் பக்கம் திருப்பி வைத்தான். முதல் பரிசு நிச்சயம் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவன்.

"அசல் அப்படியே பத்திரமா இருக்கு அத்தை. கொண்டு வந்து தர்றேன்."

"கொண்டு வா. ஆனா அந்தக் கறையை எடுத்துடு. மூஞ்சி கழுவாத மனுஷன் பக்கத்துல நான் உக்கார மாட்டேன். மழை பண்ணதை மட்டும் சரி பண்ணு, நான் பண்ணதைத் தொடாத. நாற்காலி நான் போட்ட இடத்துலயே இருக்கட்டும். என் மூஞ்சிச் சுருக்கமும்தான்."

அவன் என்னைப் பார்த்தான். "சொல்லுங்கக்கா. இது ஏமாத்து வேலையா, கலையா?"

"போட்டியில வெச்சா ஏமாத்து வேலை. போ, போய் அவர் மூஞ்சியக் கழுவி விடு."

கழுவிவிட்டான். பழைய படம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அந்தக் கன்னத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தான். மற்றபடி ஒரு புள்ளி மாறவில்லை, நான் கூடவே உட்கார்ந்து காவல் காத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தோம். நெவேனா அக்கா அந்தக் கன்னத்தை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு எழுந்துபோய்ப் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனீத்சாவை எடுத்து வந்து, நாங்கள் எழுந்திருக்க முடியாத அளவுக்கு ஊட்டாத குறையாகத் தின்னக் கொடுத்தாள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். செப்டம்பரில் ஒரு நாள் காலை ஸ்டான்கா போனில் அலறினாள்.

"டோன்கா, நெவேனா போயிட்டாடி! கதவுல ஒட்டியிருக்கு! ரெண்டு பேரும் சேந்து!"

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். வழியில் ராங்கெலின் ஆஸ்பத்திரிக்குள் தலையை நீட்டிச் சொன்னேன். வாயைப் பிளந்து படுத்திருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு வெள்ளைக் கோட்டோடு வந்துவிட்டான்.

"நேத்துகூடச் சந்தையில மிளகாய் பேரம் பேசிட்டிருந்தாங்களேக்கா. அன்னிக்கு மன்றத்துல அவங்க நின்ன நிலை... நான்தான் அவங்க மனசை உடைச்சேன்."

பூக்கடையில் கார்னேஷன் கேட்டான். "உயிரோட இருக்கறவங்களுக்கா?" என்றாள் கடைக்காரி. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில் கட்டுவார்கள், செத்தவர்களுக்கு இரட்டைப்படையில். ராங்கெல் இல்லை என்று கையை அசைத்தான். ஆறு பூ கட்டிக் கொடுத்தாள்.

தெருவில் பாதி அங்கே நின்றிருந்தது. ஸ்டான்காவின் கையில் சாவு வீட்டுக்கென்று சர்க்கரை தூவிய அவித்த கோதுமைக் கிண்ணம். கதவில் கறுப்புக் கட்டம், அதற்குள் கன்னம் கழுவிய மாரினும், பச்சை உடுப்பில் நெவேனா அக்காவும். கீழே இருந்த வரிகளை யாரும் படிக்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் படிப்பதில்லை, எப்போதும் அதே வரிகள்தான். படத்தைப் பார்ப்போம், சிலுவை போட்டுக்கொள்வோம். நானும் போட்டுக்கொண்டேன். 'நீ வாயை மூடுடி' என்று என்னை அதட்ட இனி யார் இருக்கிறார்கள் என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கதவு திறந்தது. காய்கறிப் பையோடு நெவேனா அக்கா வெளியே வந்தாள்.

ஸ்டான்காவின் கிண்ணம் படியில் விழுந்து உருண்டது.

"என்ன கூட்டம்? யாருக்கு என்ன?"

ராங்கெல் பூவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மற்ற கையால் கதவைக் காட்டினான். "அத்தை... கதவுல... நீங்க..."

"மாரின் போய் மூணு வருஷம் ஆச்சு. புதுத் தாள் ஒட்ட வேண்டாமா? இருக்கறதுலயே நல்ல படம் இதுதான். அச்சுக்கடைப் பையன்கூட படத்துலேருந்து உங்களை வெட்டிடவான்னு கேட்டான். வெட்டினா உன் கையை வெட்டுவேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"ஊரையே ஏமாத்திட்டியேடி!" என்று ஸ்டான்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"யாரை ஏமாத்தினேன்? நாங்க உக்காந்த இடத்துலதான் உக்காந்திருக்கோம். கீழ அவர் பேர்தான் இருக்கு, படிங்களேன்."

படித்தோம். மாரின் பேர் மட்டும்தான் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு கன்னம் தவிர வேறெதையும் தொடாத, நானே காவல் இருந்த படம், உயிரோடு இருக்கும் ஒருத்தியை ஊர் பார்க்கச் சாகடித்திருந்தது. ராங்கெல் இதை வைத்து என்னை வறுத்தெடுத்திருக்கலாம். அவன் அந்த நிலையில் இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான்.

"பின்னாடி என்னடா மறைக்கற?"

தயங்கித் தயங்கி நீட்டினான். நெவேனா அக்கா வாங்கி எண்ணினாள். ஆறு. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

ஒரு பூவை உருவி அவன் கோட்டுப் பையில் செருகினாள். மிச்சம் ஐந்தையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணை எடுத்தாச்சு" என்றாள். "இப்பத்தான் இது நிஜம்."