ஞானரட்ணம் அண்ணையின் திதி

தில்லைநாயகி அக்கா தன் புருசனின் திவசத்தில் ஒவ்வொரு வருசமும் முதல் இலையை எனக்குத்தான் போடுவா. பாரிசில் லாசப்பலில் அவவின் வீடு, மூன்றாம் மாடி.

"அவருக்கு வாய்க்கரிசி போட்டது நீர்தானே," என்பா.

முப்பது வருசத்துக்கு முன்னம் ஏஜென்சிக்காரன் எங்கள் பதினொரு பேரைக் களவாகப் பெலாருஸ் காட்டுக்குள்ளால் போலந்துக்கு நடத்திக்கொண்டு போனான். வழியில், பனிக்குள், அக்காவின் புருசன் ஞானரட்ணம் அண்ணை செத்துப்போனார். நாளைச் சொன்னது நான். அதை வைத்துத்தான் ஐயர் திதி பார்த்தார்.

இந்த வருசம் அக்காவின் மகள் மிருணாளினி மொர்மன் என்ற கிறிஸ்தவ சபைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். வாழைக்காய் சீவிக்கொண்டே அங்கே கேட்ட கதையைச் சொன்னாள்.

"நூற்றைம்பது வருசத்துக்கு மேலை, அன்ரி. அமெரிக்காவில எங்கட சபைச் சனம் மேற்கை பார்த்து நடந்தவை. கைவண்டிலை இழுத்துக்கொண்டு. பாரமெண்டு போர்வையளையும் எறிஞ்சிட்டினம். பிறகு பனி கொட்டிச்சாம்."

"மாடு பூட்டேலாதோ?" அக்கா கேட்டா.

"வசதி இல்லை, அம்மா."

"எங்கட ஆக்களுக்கு வண்டிலும் இல்லை."

"கனபேர் செத்தவை. நிலம் இறுகி, குழி வெட்டேலாது. பனியாலதான் மூடினவை. ஒரு மனுசி செத்த புருசனோட விடியுமட்டும் இருந்தவவாம்."

"உன்ர அப்பாவையும் தனிய விடேல்லை. இவ இருந்தவ," என்று அக்கா என் முன்னால் இலையை விரித்தா. சோறும் போட்டா.

"நான் இருக்கேல்லை, அக்கா."

"எங்கை?"

"அண்ணையோட. கால் வீங்கி அவர் இருந்திட்டார். ஏஜென்சிக்காரன் நடவெண்டான். எல்லாரும் நடந்திட்டம்."

"செத்தாப் பிறகுதானே?"

"உயிர் இருந்தது."

மிருணாளினி கத்தியை வைத்தாள்.

"கூப்பிட்டவரோ?" அக்காவின் குரல் உயரவில்லை.

"ஓம். தங்கச்சி, கொஞ்சம் நில்லும் எண்டவர். நான் திரும்பிப் பார்க்கேல்லை."

"வாய்க்கரிசி?"

"அரிசி ஆரிட்டை இருந்தது? பாரிசுக்கு வந்து போன் எடுக்க, நீங்கள் முதல் கேட்டது அதைத்தான். ஓம் எண்டிட்டன். பிறகு மாத்திச் சொல்ல வாய் வரேல்லை."

"அப்ப இந்தத் திதி?"

"அவரை விட்டிட்டு வந்த நாள். செத்த நாள் எனக்குத் தெரியாது."

அக்கா அண்ணையின் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் இலையை மூடி எழும்பப் போனேன்.

"இரும். சோறு போட்டாச்சு, சாப்பிட்டிட்டுப் போம்," என்றா. "வாற வருசம் வரவேண்டாம்."

பருப்பும் ஊற்றினா. வழக்கம்போல நெய்யும் விட்டா. எதிரில் அவ நின்றபடியே இருக்க, நான் இலையில் இருந்த முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.