லென்சு கழுவிய தண்ணீர்

பத்து வயதுக்குள் தாரணிக்கு மூன்று முறை கண்ணாடி மாற்றியாகிவிட்டது. கண்ணாடி தடித்ததே ஒழிய, கரும்பலகை கிட்டே வந்தபாடில்லை. இப்படியே போனால் பிள்ளையின் பார்வை என்னாகும் என்று, மிளகு பறிக்க மரமேறும்போதும் அவள் அப்பன் சின்னுசாமிக்கு அதே கவலை.

இரண்டாயிரத்து மூன்றில் செம்மேட்டுக் கண் முகாமுக்கு வந்த சேலத்து டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். காலையில் கருவிழிமேல் வைத்து, இரவில் கழற்றிக் கழுவி வைக்கிற கெட்டி லென்சு. கிட்டப்பார்வை ஏறும் வேகத்தை அது குறைக்கலாம் என்று சில பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்கிறார்களாம். கூடவே ஒரு மருந்துத் தண்ணீரும் கொடுத்து, அதில் மட்டும்தான் லென்சைக் கழுவ வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

மருந்துத் தண்ணீர் தீர்ந்த வாரம், மழையில் மண் சரிந்து, மலையிறங்கும் சேந்தமங்கலம் பஸ் நின்றுபோயிருந்தது. சின்னுசாமி கலங்கவில்லை. கொல்லிமலைக்காரனிடம் போய் நல்ல தண்ணீர் இல்லை என்றால் சிரிப்பான். மூலிகை வேர்களை நனைத்து வரும் ஊற்று. சொறி சிரங்கு என்று கீழ்நாட்டு ஆட்கள் தேடி வந்து குளித்துவிட்டுப் போகிற தண்ணீர். கம்பெனிக்காரன் புட்டியில் அடைத்ததைவிட இது மட்டமா? பைப்புத் தண்ணீரை அவன் நம்பவில்லை. விடியுமுன் பள்ளத்தில் இறங்கி, அட்டைக்கடியோடு ஊற்று கசியும் இடத்திலேயே பிடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தான். அவ்வளவு அக்கறை, பாவி மனுசனுக்கு. பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் அவன் ஊற்றுக்குத்தான் போனான்.

மாதம் திரும்புவதற்குள் தாரணியின் வலது கண் கோவைப்பழமாய்ச் சிவந்தது. வெளிச்சம் பட்டால் துடித்தாள். வலி தாங்காமல் பாயில் புரண்டாள். சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். பச்சைத் தண்ணீரில் இருக்கும் கிருமி கருவிழியைத் தின்றிருக்கிறது, வைத்தியம் செய்தாலும் தழும்பு நிற்கும், அந்தக் கண்ணில் இனி நிழலாட்டம்தான் தெரியும் என்றார். மிச்சமிருக்கும் கண்ணுக்கும் இனி லென்சு கிடையாது. அதன் பார்வை எவ்வளவு மங்குமோ, யாருக்கும் தெரியாது.

“எந்தத் தண்ணியில கழுவுனீங்க?” என்று அவனைப் பார்த்துக் கேட்டார்.

சின்னுசாமி மகளின் தோளில் கையை வைத்தான்.

“நாந்தானுங்க,” என்றாள் தாரணி, கண்ணைப் பொத்தியபடி. “அப்பா வேண்டாம்னுதானுங்க சொன்னாரு. நாந்தான் ஊத்துத் தண்ணியில கழுவீட்டனுங்க.”

படிக்கிற பிள்ளை, அத்தனை சொல்லியும் இப்படிச் செய்யலாமா என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். தாரணி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். சின்னுசாமி அவள் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை.